கார்ட்டூன் பார்க்கும் பிள்ளையும் பக்கத்தில் இருக்க வேண்டிய நாமும்



திருநெல்வேலி மேலப்பாளையம் பக்கம், பீடி சுற்றும் உறுப்பினர்கள் உள்ள ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்ததும் ஒரு சகோதரி, "என் மவன் சாயங்காலம் ஓதப் போவ மாட்டேங்கான். டிவிய நிறுத்துனா ஒரே அழுகை" என்றார். இன்னொருவர், "என் பொண்ணு கேக்கா, 'உம்மா, சோட்டா பீம் ஊருல நம்மள மாதிரி யாருமே இல்லையா'ன்னு. எனக்குப் பதில் தெரியல" என்றார்.

இரண்டையும் பற்றி யோசிப்போம்.

நேரம்: ஆயிரம் பீடி முடிக்கணும்னா பிள்ளையை டிவி முன்னால் உட்கார வைப்பதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. இதற்குத் தாயை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் அளவு வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொன்னது இது: 2 வயதுக்குள் டிவி, செல்போன் வேண்டாம், 2 முதல் 5 வயது வரை 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, 5 முதல் 10 வயது வரை 2 மணி நேரத்துக்கும் குறைவு. டிவி, செல்போன் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

பார்ப்பது: கார்ட்டூனில் மாடியிலிருந்து விழுந்தவன் உடனே எழுந்து ஓடுகிறான். சின்னப் பிள்ளைக்கு அது நிஜமில்லை என்று தெரியாது. நடுவில் வரும் மிட்டாய் விளம்பரத்தையும் கதை என்றே நினைக்கும்.

நம்மள மாதிரி ஆள்: 2008-ல் வந்த சோட்டா பீமைப் பிள்ளைகள் ரசிப்பதில் தப்பில்லை. எல்லார் பண்டிகையையும் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் தன் வீட்டுப் பெருநாளும், உம்மாவின் முக்காடும் எந்தக் கதையிலும் வராவிட்டால், 'நம்ம வீடு மறைக்க வேண்டியதோ' என்று பிள்ளைக்குத் தோன்றலாம். மலேசியாவில் 2007-ல் 'உப்பின் இப்பின்' ரமலான் நோன்புக் கதையோடுதான் ஆரம்பித்தது. பாகிஸ்தானில் 2013-ல் வந்த 'புர்கா அவெஞ்சர்' கார்ட்டூனில் ஒரு டீச்சர் பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுகிறார். நம் வீட்டிலும் கதைக்குப் பஞ்சமில்லை. நபிமார்கள் கதை, பாட்டி சொன்ன கதை, நாம் குழு ஆரம்பித்த கதை எல்லாம் சொல்லலாமே!

"கார்ட்டூன் ஹராமா?" என்றும் ஒருவர் கேட்டார். அதை ஆலிமிடம்தான் கேட்க வேண்டும் என்றோம். பிள்ளையை அடித்து நிறுத்துவது பலன் தராது என்பதை மட்டும் சொன்னோம்.

அந்தக் குழு எடுத்த முடிவுகள்:

1. ஓதப் போகும் நேரத்தில் எந்த வீட்டிலும் டிவி ஓடாது. பெரியவர்களின் சீரியலும் சேர்த்துத்தான்.
2. நாலு வீட்டுப் பிள்ளைகளை முறை வைத்து ஒரு வீட்டில் தினம் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்வது. மற்ற மூன்று பேரும் நிம்மதியாகப் பீடி சுற்றலாம்.
3. கை வேலை செய்தாலும் பிள்ளையோடு சேர்ந்து பார்த்து, "இவன் செஞ்சது சரியா?" என்று கேட்பது.

உங்கள் குழுவில் பேசுங்கள்: நம் பிள்ளைகள் தினம் எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள்? அந்த நேரத்தில் நாம் எங்கே இருக்கிறோம்?