சின்னப் பிள்ளைகளோடு வீட்டிலே நத்தார்



மார்கழி பிறந்தால் நத்தார் நினைப்பும் கூடவே வந்துவிடும். நம்ம தோட்டங்களில் அநேகர் இந்துக்கள் என்றாலும், கிறிஸ்தவக் குடும்பங்களும் நம்மோடு ஒரே லயத்தில் வாழ்கின்றன. அதோடு நம்ம பொடியன்மார், பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். வெள்ளவத்தையில் புடைவைக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் நிற்கிறார்கள். சிலர் கல்யாணம் முடித்து, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து, சின்னப் பிள்ளைகளோடு குடித்தனம் நடத்துகிறார்கள்.

லயக் காம்பராவோ, கொழும்பு அறையோ, கேள்வி ஒன்றுதான். கையில் காசு குறைவு, இடமும் குறைவு. இந்தப் பண்டிகையைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படி நல்லபடியாகக் கொடுப்பது? இதையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

கொழும்பு சொல்லித் தந்த பாடம்

கொட்டாஞ்சேனையில் மார்கழி 13ஆம் திகதி புனித லூசியாள் திருநாள். அவர் பெயரால் அங்கே இருக்கும் பேராலயம்தான் கொழும்பு பேராயரின் தலைமைக் கோயில். பக்கத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தாரும் அங்கே போவது நமக்குத் தெரியும். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் புனித லோரன்ஸ் ஆலயம் இருக்கிறது. நத்தார் நெருங்கினால் இந்தப் பக்கமெல்லாம் வெளிச்சமும் நட்சத்திரமும் கடைக் கூட்டமும்தான். பண்டிகை என்றாலே வெளியே போவது, வாங்குவது என்று பிள்ளைகளும் பழகிவிடுகிறார்கள்.

ஆனால் வெளியே போக முடியாத காலமும் வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடைக் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியவிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. சீயோனில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் பலியானார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில்களில் மக்கள் கூடித் திருப்பலி காணவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்துக் குடும்பங்கள் வீட்டிலிருந்தே செபித்தன.

அடுத்த வருடம் கொரோனா வந்தது. 2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்கு போட்டார்கள். அந்த வருட நத்தாருக்கு ஊருக்கு வரவும் வழியில்லாமல், கூட்டமாகக் கொண்டாடவும் வழியில்லாமல் எத்தனையோ குடும்பங்கள் அறைக்குள்ளேயே இருந்தன. பிறகு 2022இல் விலைவாசி எகிறியது. கொழும்பு நுகர்வோர் விலைக் கணக்குப்படி அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். முந்திரியும் முட்டையும் வெண்ணெயும் போட்டு கேக் அடிப்பது அநேக வீடுகளுக்கு எட்டாத காரியமாகிவிட்டது.

கூட்டம் இல்லை, கடை இல்லை, கேக் இல்லை. அப்போது வீட்டில் மிஞ்சியது என்ன? அம்மா, அப்பா, பிள்ளை, ஒரு சின்னக் குடில். இரண்டு வயது, நாலு வயதுப் பிள்ளைக்கு உண்மையில் வேண்டியதும் அவ்வளவுதான். சாமானின் விலை அதற்குத் தெரியாது. தன் கையால் எதைச் செய்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர்கள் முகம் சிரித்ததா கடுகடுத்ததா என்பதே அதன் மனதில் நிற்கும்.

நாலு ஞாயிறு, நாலு வேலை

நத்தாருக்கு முந்திய நாலு ஞாயிற்றுக்கிழமைகள் திருவருகைக் காலம். ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளையோடு சேர்ந்து ஒரு வேலை செய்வோம்.

முதல் ஞாயிறு: வீட்டைக் கூட்டித் துடைப்போம். பிள்ளைக்கும் ஒரு துணித்துண்டு கொடுங்கள். அது துடைப்பது சுத்தமாகாவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டாம் ஞாயிறு: குடில் கட்டுவோம். 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் ஒரு குகையில் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துத்தான் குடில் காட்டினார். ஏழையாகப் பிறந்தவரை ஏழைச் சனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். ஆகவே குடிலுக்குக் காசு தேவையில்லை. தோட்டத்தில் கவ்வாத்து மிளாறும் மானாப் புல்லும் கிடக்கின்றன. கொழும்பில் இருப்பவர்களுக்குக் கடை மட்டைப்பெட்டி போதும். ஆடு மாட்டைப் பிள்ளையே களிமண்ணில் பிடிக்கட்டும்.

மூன்றாம் ஞாயிறு: பலகாரம். கேக் அடிக்க அடுப்பு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பயற்றம் உருண்டை பிடிக்கப் பிள்ளையின் கையும் உதவும். எண்ணெய்ச் சட்டி வைக்கும் நேரம் மட்டும் பிள்ளையைத் தள்ளி உட்கார வையுங்கள்.

நாலாம் ஞாயிறு: யார் யாருக்குப் பலகாரத் தட்டு கொடுப்பது என்று பிள்ளையிடமே கேளுங்கள். தீபாவளிக்கு நமக்குத் தட்டு அனுப்பிய வீடு, கொழும்பு என்றால் பக்கத்து அறை முஸ்லிம் அக்கா வீடு, சிங்கள அம்மா வீடு. நத்தார் அன்று தட்டைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து அனுப்பலாம், நாம் பின்னால் போவோம். கொடுக்கும் பழக்கம் இப்படித்தான் வளரும்.

கவனிக்க வேண்டியவை

மெழுகுதிரியைக் குடிலுக்குள்ளோ கடதாசி நட்சத்திரத்துக்குள்ளோ வைக்காதீர்கள். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரை வழியாக அடுத்த காம்பராவுக்கும் ஓடும். ஒரே பிளக்கில் நாலைந்து வயரைச் செருகாதீர்கள். மணி, பொத்தான், முழுக் கச்சான், முழு முந்திரி ஆகியவை சின்னப் பிள்ளையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பட்டாசு பிள்ளை கையில் வேண்டாம். மலையில் மார்கழிக் குளிர் கடுமை. கைக்குழந்தையை நள்ளிரவுப் பூசைக்குத் தூக்கிக்கொண்டு போவதைவிட, காலைப் பூசைக்குப் போனால் தாய்க்கும் சேய்க்கும் நல்லது.

கடனும் போத்தலும்

இதையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஒரு நாள் பண்டிகைக்காகத் தோட்டை அடகு வைக்கிறோம், வட்டிக்கு வாங்குகிறோம். தோட்டத்தில் எடுக்கும் முற்பணமும் சும்மா வருவதில்லை. பிறகு சம்பளத்தில் கழிப்பார்கள். அந்தக் கழிவு யார் வயிற்றில் விழுகிறது? பிள்ளையின் பால்மாவிலும் கொப்பி புத்தகத்திலும்தான். ஆகவே முதலில் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: கையில் உள்ள காசு, பண்டிகைச் செலவு, அடுத்த மாதத்துக்கு வேண்டியது. மூன்றாவது வரிக்கு முதலில் காசை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பண்டிகையைப் பாருங்கள்.

தகப்பன்மாரே, ஒரு வார்த்தை. வருடம் பூராவும் பாடுபடுகிறீர்கள், உண்மைதான். ஆனால் போத்தல் திறந்த வீட்டில் பிள்ளை மூலையில் ஒண்டிக்கொள்கிறது. நத்தார் என்றால் அப்பா சத்தம் போடும் நாள் என்று அது நினைத்து வளரக் கூடாது. அன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றி வாருங்கள். அதைவிடப் பெரிய பரிசு கடையில் கிடையாது.

அம்மா தூரத்தில் இருந்தால்

சில தாய்மார் வெள்ளவத்தையில் வீட்டு வேலைக்கு இருப்பார்கள். சிலர் வெளிநாட்டில். கடையில் நிற்பவர்களுக்கு 24ஆம் திகதி இரவு மட்டும் லீவு கிடைக்காமல் போகலாம். பிள்ளை அழுகிறதே என்று “அம்மா நாளைக்கு வந்துருவாங்க” என்று பாட்டிமார் பொய் சொல்லாதீர்கள். நாளைக்கும் வராவிட்டால் பிள்ளை அம்மாவையும் நம்பாது, உங்களையும் நம்பாது. வரும் நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு, தினமும் ஒரு நாளை வெட்டச் சொல்லுங்கள். நத்தார் அன்று தொலைபேசியில் பேச நேரம் குறித்து வையுங்கள். குடிலில் அம்மாவுக்கென்று ஒரு ஆட்டுக்குட்டியைப் பிள்ளை செய்து வைக்கட்டும். அம்மா வந்த பிறகு குடிலைக் கலைக்கலாம்.

பேசிப் பார்ப்போம்

பிள்ளைக் காம்பராவில் கூடும்போது தாய்மாரும் தகப்பன்மாரும் இவற்றைப் பேசிப் பாருங்கள்:

1. போன பண்டிகைக்கு வாங்கிய கடன் எப்போது தீர்ந்தது?
2. நம்ம பிள்ளையிடம் போன நத்தார் பற்றிக் கேட்டால் எதைச் சொல்கிறது?
3. நம்ம லயத்தில் அம்மா தூரத்தில் இருக்கும் பிள்ளை யார்? அன்றைக்கு அதை யார் வீட்டுக்கு அழைப்பது?

மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதிலை அன்றைக்கே முடிவு செய்துவிட்டு எழும்புங்கள்.

எல்லோருக்கும் நத்தார் வாழ்த்துகள்.