அளவுகோலும் ஆடுகளமும்

விளையாட்டு மைதானம் வீரர்தம் வலிமைக்கு மாத்திரமன்று, அளவைகளின் நேர்மைக்கும் உரிய களமாகும். ஓட்டத்திற் செக்கனும் பாய்ச்சலில் அங்குலமும் பிழைத்தால் வென்றவன் தோற்றவனாவான். ஆதலின், பெரும் போட்டிகளிற் கருவிகளை நிறுவி, ஆட்டம் முடியும்வரை அவற்றருகே நின்று காப்போரின் பணி எத்தகையது என்பதைக் கொழும்பு மாநகரின் மைதானமொன்றைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

பொரளையிலுள்ள தமிழ் யூனியன் கழகத்தின் ஓவல் மைதானத்தை அறியாத கொழும்புத் தமிழர் சிலரே. 1899 இல் தோன்றிய அக்கழகத்தின் மைதானம் இன்று பி. சரவணமுத்து அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1948 மார்ச் மாதத்தில், இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்த பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி, வழியில் இறங்கி இங்கே இலங்கை அணியுடன் ஒரு நாள் ஆடிற்று. ஆயின் அன்றைய ஆடுகளத்தை அளந்தபோது அது 22 யாருக்குப் பதிலாக 20 யாரே இருக்கக் கண்டனர்! உலகம் போற்றிய வீரர் ஆடிய களத்தில் இரண்டு யார் குறைந்துபோயிற்று. அன்று வேண்டியிருந்த கருவி ஓர் அளவுநாடா மாத்திரமே. அதனினும் வேண்டியிருந்தது, அதனை இரண்டாம் முறையும் பிடித்துப் பார்க்கும் ஒரு மனிதர்.

அறுபது ஆண்டுகள் கழிந்தன. 2008 யூலையில், நடுவரின் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரும் முறை, ரெஸ்ற் துடுப்பாட்டத்தில் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது. இலங்கையும் இந்தியாவும் மோதிய அத்தொடரின் முதலாவது ஆட்டம் கறுவாத்தோட்டத்திலுள்ள எஸ்.எஸ்.சி. மைதானத்தில் நிகழ்ந்தது. அம்முறையால் ஆட்டமிழந்த முதல் வீரர் இந்தியாவின் வீரேந்தர் சேவாக் ஆவார். மூன்றாவது ஆட்டமோ நாம் முன்னர்க் கூறிய அதே ஓவல் மைதானத்தில் ஓகஸ்ற் மாதத்தில் நடைபெற்றது. 2009 நவம்பரில் நியூசிலாந்தின் டுனெடினில் அம்முறை அதிகாரபூர்வமாக நடைமுறைக்கு வந்தது.

இதிற் பயன்படும் பந்துத் தடங்காண் கருவியின் தத்துவம், மாணவர் கற்கும் திரிகோண கணிதமேயாம். மைதானத்தைச் சுற்றி உயர்ந்த இடங்களில் ஆறோ அதற்கு மேற்பட்டனவோ ஆகிய கமராக்கள் பொருத்தப்படுகின்றன. ஒரே கணத்தில் இரு கமராக்கள் கண்ட கோணங்களிலிருந்து பந்து நின்ற இடம் கணிக்கப்படும். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் பந்து ஒரு செக்கனில் ஏறக்குறைய 39 மீற்றர் கடக்கும். செக்கனுக்கு 25 படங்கள் எடுத்தால், ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையில் அது ஒன்றரை மீற்றருக்கு மேல் சென்றுவிடும். 300 படங்கள் எடுத்தால் 13 சென்ரிமீற்றரே செல்லும். இதனாலேயே விரைவுக் கமராக்கள் வேண்டப்படுகின்றன.

இனி, களத்தில் நிற்போரின் பணியைக் கவனிப்போம். 70 மீற்றர் தொலைவிலுள்ள கமரா ஒரு பாகையின் பத்திலொரு பங்கு திரும்பினாலும், ஆடுகளத்தில் 12 சென்ரிமீற்றர் பிழை உண்டாகும். விக்கெற்றின் முழு அகலமே 9 அங்குலம், அதாவது ஏறக்குறைய 23 சென்ரிமீற்றர்தான். காற்று வீசினும், பார்வையாளர் துள்ளினும் கமரா நிற்கும் மேடை அசையக்கூடும். ஆதலின் ஆட்டத்திற்கு முன் ஆடுகளத்தையும் விக்கெற்றுகளின் நிலையையும் அளந்து, கமராக்களை அவற்றிற்கு இசைவாக்குதல் வேண்டும். ஆட்டத்தின்போதும் கோடுகளும் விக்கெற்றுகளும் உரிய இடத்திலேயே தோன்றுகின்றனவா என இடையறாது நோக்குதல் வேண்டும். மழை பெய்தாற் கருவிகளைக் காத்தலும், மின்சாரம் தடைப்பட்டால் மின்பிறப்பாக்கியை இயக்குதலும் அவர்தம் கடனே.

இத்துணைக் காவல் இருந்தும் கருவி முற்றறிவுடையதன்று. பந்தின் பாதிக்குக் குறைந்த பகுதியே விக்கெற்றிற் படுமெனக் கருவி காட்டுமிடத்து, மைதான நடுவர் முதலில் அளித்த தீர்ப்பே நிலைக்கும் என்பது விதி. தன் அறிவின் எல்லையைத் தானே ஒப்புக்கொள்ளும் இவ்விதி, அறிஞர்க்கும் ஏற்ற பாடமன்றோ?

மாணவ நண்பர்காள்! திரையில் தோன்றும் கோட்டைக் கோடிக்கணக்கானோர் காண்கின்றனர். அக்கோடு பிறக்கும் இடத்தில் நிற்பவரை எவரும் காண்பதில்லை. “இக்கமரா சற்று அசைந்துவிட்டது, இதனை நம்பற்க” என்று உரிய கணத்தில் அவர் கூறத் தவறின், குற்றமற்ற வீரனொருவன் தலைகுனிந்து வெளியேறுவான். அப்பிழையைக் கருவி தானாகத் திருத்திக் கொள்ளாது. பொறியியலும் கணிதமும் கற்று இத்துறை புகுவோர், கருவியை இயக்கும் திறத்தோடு, அதன் பிழையை மறையாது உரைக்கும் நெஞ்சுரத்தையும் உடன்கொண்டு செல்வாராக. அளவுநாடாவின் காலத்தில் வேண்டியிருந்ததும் அதுவே. கமராக்களின் காலத்தில் வேண்டப்படுவதும் அதுவே.