ஏரிப் பனியும் நம்ம தோட்டத்து மழையும்

தம்பி தங்கைகளே, இந்த மாதப் பாடம் பனிப்புயல். செம்பனைத் தோட்டத்தில் இருந்துகொண்டு பனியைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று சிரிக்காதீர்கள். அங்கே பனியைக் கொட்டுகிற அதே சங்கதிதான் டிசம்பரில் இங்கே மழையைக் கொட்டுகிறது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் பஃபலோ நகரம். அதை ஒட்டி ஈரி என்ற ஏரி. நம்ம ஊர் ஏரி மாதிரி நினைக்க வேண்டாம். நீளமே 380 கிலோமீட்டருக்கு மேல். நவம்பரில் அந்தத் தண்ணீரில் கோடைச் சூடு இன்னும் மிச்சம் இருக்கும். கனடா பக்கமிருந்து வரும் காற்றோ கடுங்குளிர், காய்ந்த காற்று. அது ஏரியின் மேல் நீளவாக்கில் ஓடும்போது அடியிலிருந்து சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொள்கிறது. மேலே எழுந்து மேகமாகி, கரையேறியதும் பனியாகக் கொட்டுகிறது. ஏரி உறைந்துவிட்டால் பெரும்பாலும் இது நின்றுபோகும், ஈரம் கிடைக்காதே!

இந்தப் பனி பரவலாக விழாது, ஒரு பட்டையாக விழும். 2014 நவம்பரில் பஃபலோவின் தெற்குப் புறநகர்களில் 1.5 மீட்டருக்கு மேல் பனி. வடக்கே போனால் சில அங்குலம்தான். வானம் தெளிவாக இருக்கிறதே என்று கிளம்பியவன் அரை மணி நேரத்தில் பனிச்சுவரில் முட்டுவான். அந்த முறை ஒரு பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிப் பெண்கள் விரைவுச்சாலையில் பஸ்ஸுக்குள்ளேயே ஒரு நாளுக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள்.

இப்போது நம்ம பக்கம். வடகிழக்குப் பருவக்காற்றில் சைபீரியா, சீனா பக்கத்துக் குளிர்காற்று தென்சீனக் கடலின் வெதுவெதுப்பான தண்ணீர் மேல் ஓடி வருகிறது. ஏரிக்குப் பதில் கடல், பனிக்குப் பதில் மழை. கிளந்தான், திரெங்கானு, பகாங் வாங்கிக்கொள்ளும். நெகிரி செம்பிலானுக்குத் தித்திவங்சா மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்பதால் நாம் கொஞ்சம் அலட்சியமாகவே இருந்துவிட்டோம். 2021 டிசம்பர் நடுவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தீபகற்பத்துக்குள்ளேயே வந்துவிட்டது. சிலாங்கூர் மூழ்கியது, ஜெலுபுவிலும் வெள்ளம். உலு லங்காட்டுக்குப் போகும் கெந்திங் பெராஸ் மலைச்சாலை மண்சரிவில் அறுந்தது. நாடு முழுக்க 50 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மழையை நிறுத்த முடியாது. சாலையை எப்போது நிறுத்துவது என்பதுதான் கேள்வி. இதற்குப் பஃபலோவே இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. 2022 நவம்பரில் ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க் பகுதிகளில் 2 மீட்டர் பனி. ஆனால் பெரும்பனி விழுமுன்பே விரைவுச்சாலையில் லாரிகளை ஏற்ற மறுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே, டிசம்பர் 23 அன்று, கடும் புயல். பயணத் தடை காலை 9.30-க்குத்தான் வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் வேலைக்குக் கிளம்பியாகிவிட்டது. அந்தப் புயலில் அந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். சிலர் காருக்குள், சிலர் நடுத்தெருவில், சிலர் ஆம்புலன்ஸ் வர வழியில்லாமல் வீட்டிலேயே.

தடை வந்த நேரம்தான் என்னை உறுத்துகிறது. 2021-ல் அந்தச் சனிக்கிழமை, ராத்திரியெல்லாம் மழை பெய்தும், எங்கள் லயத்துக்கு முன்னால் தொழிற்சாலை பஸ் விடியற்காலையில் வழக்கம்போல வந்து நின்றது. "போகலேன்னா ஓவர்டைம் போயிடும்ணே" என்று ஏறிப் போனார்கள். சாயங்காலம் பாலத்துக்கு மேல் தண்ணீர். பஸ் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். ராத்திரி முழுக்க பக்கத்துக் கம்போங் சூராவில் தங்கவைத்து, கம்போங்காரர்கள்தான் சோறு போட்டார்கள். "இன்னைக்கு பஸ் வேண்டாம்" என்று காலையிலேயே சொல்ல யாருக்கும் பொறுப்பு இல்லை. தோட்டம் தொழிற்சாலையைப் பார்க்கும், தொழிற்சாலை பஸ்காரரைப் பார்க்கும்.

அதனால் நம் இளைஞர் பிரிவு அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. வானிலைத் துறையின் எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. செம்மஞ்சள் வந்தாலே மார்கழித் திருவெம்பாவைக்கு வேன் கிடையாது, லயத்துக் கோயிலிலேயே பாடுவோம். டயாலிசிஸ் போகும் பெரியவர்களை முதல் நாளே சிரம்பானில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுவோம். பாலத்துத் தூணில் சிவப்புச் சாயத்தில் கோடு போட்டிருக்கிறோம். தண்ணீர் அதைத் தொட்டால் மோட்டார் சைக்கிள்கூடப் போகக்கூடாது. ஓடும் வெள்ளம் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சின்னக் காரை மிதக்கவைக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையும் மூன்று விவரம் எழுதி வாருங்கள்: உங்கள் தோட்டத்துக்கு எத்தனை வழி, அதில் எது முதலில் மூழ்கும், காலை 5 மணிக்கு "பஸ் வேண்டாம்" என்று போன் போடப்போவது யார்.