பிரஷர் உள்ளவர்களுக்கு: 140 என்பது மதில் சுவர் அல்ல

"போன மாசம் 138 இருந்துச்சு, ஒண்ணுமில்லேன்னாங்க. இந்த மாசம் 142, மாத்திரை போடச் சொல்றாங்க. நாலு புள்ளியிலே வியாதி வந்துடுமா?" முகாம்களில் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

ரேடியோ, டி.வி. ரிப்பேர் செய்கிறவர்களிடம் சிலிக்கான் டையோடு என்ற சிறு உறுப்பைப் பார்த்திருப்பீர்கள். அதில் சுமார் 0.6, 0.7 வோல்ட் வரும்வரை மின்சாரம் போவதே இல்லை எனலாம். அதைத் தாண்டியதும் மடமடவென்று பாயும். பிரஷரையும் நம்மில் பலர் இப்படித்தான் எண்ணுகிறோம்: 140 வரை பயமில்லை, தாண்டினால் ஆபத்து. இரத்தக் குழாய்க்கு அந்த மாதிரி ஒரு வாசற்படி கிடையாது.

சுமார் 10 லட்சம் பேருடைய விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியாயிற்று. 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களில், 115/75 என்ற அளவிலிருந்தே அபாயம் ஏறுகிறது. மேல் அளவு 20 கூடும்போதெல்லாம் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் சாகிற அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. 115-ஐ ஒன்று என்று வைத்தால் 135-ல் இரண்டு, 155-ல் நாலு. அப்படியானால் 140 எதற்கு? மாத்திரையால் வரும் நன்மை நிச்சயமாகத் தெரிகிற இடம் என்று மருத்துவர்கள் போட்ட கோடு அது. இருதய நோய் ஏற்கெனவே உள்ளவருக்கு 130-லேயே மருந்து தொடங்குவதுண்டு.

காரணம் பல குற்றவாளிகள் ஒன்று சேர்வதுதான். 150 பிரஷர் உள்ள இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 42 வயதுப் பெண். சர்க்கரை இல்லை, புகையிலைப் பழக்கம் இல்லை. மற்றவர் 55 வயது ஆண். பீடி, சர்க்கரை, கொழுப்பு மூன்றும் உண்டு. கருவியில் ஒரே எண்தான். ஆனால் இரண்டாமவருக்கு வரக்கூடிய ஆபத்து பல மடங்கு. ஆகவே "எனக்கும் அவருக்கும் ஒரே பிரஷர்தானே, அவர் மாத்திரையை நிறுத்தியும் நல்லாத்தானே இருக்கார்" என்று ஒப்பிட வேண்டாம்.

தலைவலி, தலைசுற்றல் இல்லாததால் குணமாகிவிட்டது என்று நினைப்பதும் தவறு. பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே இருதயத் தசையைத் தடிக்க வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108 இருந்தது. 1945 ஏப்ரல் 12-ல் மூளையில் இரத்தம் கசிந்து அவர் இறந்தபோது மேல் அளவு 300-ஐத் தொட்டிருந்தது. அவ்வளவு பெரிய மனிதருக்கும் கொடுக்க அன்றைக்கு நல்ல மாத்திரை கிடையாது. இன்று அம்லோடிபின் நமது ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு வீட்டு வாசலுக்கே மாத்திரை போனது. அப்படி வந்த மாத்திரை அரிசி டப்பாவுக்குப் பின்னால் தூங்குவதையும் பார்த்திருக்கிறோம்!

பெண்கள் இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின்போது பிரஷர் வந்திருந்தால், பிரசவத்தோடு அது போய்விட்டாலும் பிற்காலத்தில் இருதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, பிரஷர் உள்ளவர்கள் மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடக் கூடாது. காப்பர்-டி முதலிய வேறு வழிகள் உண்டு. கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். சோற்றில் போடுவது மட்டும் கணக்கல்ல. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்துத்தான்.

பிரஷர் பார்க்க வரும்போது அதற்கு முந்தின அரை மணி நேரம் காபி, பீடி வேண்டாம். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்காருங்கள். கை இருதய மட்டத்தில் இருக்கட்டும். அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டே வாருங்கள். பரிசோதனைக்காக நிறுத்த வேண்டியதில்லை.