வால் எலும்புக் கட்டியா? பழைய ஃபைலை வீசாதீர்கள்!

சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே வால் எலும்பை ஒட்டி 'டெரடோமா' என்ற கட்டி இருக்கும். மிக அரிது, பெண் குழந்தைகளுக்கே அதிகம். "சாதாரணக் கட்டிதான், எடுத்தாச்சு" என்று டாக்டர் சொன்னதும் வருகிற நிம்மதியில் பலர் மறு பரிசோதனையை விட்டுவிடுகிறார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் முதலில் பார்க்க வேண்டியது, கட்டியோடு வால் எலும்பும் எடுக்கப்பட்டதா என்பது. அதை விட்டுவைத்தால் கட்டி திரும்பும் வாய்ப்பு கூடும். பயாப்ஸி ரிப்போர்ட்டுக்கு நகல் எடுத்து வையுங்கள். ரசம் சிந்தாத இடமாகப் பார்த்து!

முதல் 3 ஆண்டுகள் முக்கியம். திரும்பி வரும் கட்டிகளில் பெரும்பாலானவை அதற்குள் வந்துவிடும். சில சமயம் புற்றாகவே வரும். அதனால்தான் சில மாதங்களுக்கொரு முறை ஏ.எஃப்.பி. (ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம்) ரத்தப் பரிசோதனையும் ஆசனவாய்ப் பரிசோதனையும். பச்சிளம் குழந்தைக்கு ஏ.எஃப்.பி. இயல்பிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். ரிப்போர்ட்டில் 'ஹை' என்று பார்த்துப் பதறாதீர்கள். ஒவ்வொரு முறையும் இறங்குகிறதா என்று பாருங்கள். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

வளர்ந்து பல ஆண்டு கழித்து அதே இடத்தில் புற்று வருவது அரிதிலும் அரிது. ஆனாலும் வந்திருக்கிறது. பிட்டத்தில் வீக்கம், உட்கார்ந்தால் வலி, புதிதாக மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு என்றால் தாமதிக்கக் கூடாது.

கல்யாணப் பேச்சுக்குப் பயந்து தழும்பின் கதையை மகளிடமே மறைக்கும் வீடுகள் உண்டு. அது தவறு. 18 வயதில் ஃபைலை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.