ஒளியும் நிழலும்: தமிழகத்தின் தொடக்கக்கால நிழற்படங்கள்

முன்னுரை

ஒளியால் உருவாகும் படத்தை 'நிழற்படம்' என்று தமிழில் வழங்குகிறோம். இப்பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பதைப் பழைய படங்கள் சிலவற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டிரைப்பின் பணி

சென்னைப் படையில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப் (1822–1902), 1856இல் சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். 1857 இறுதியில் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். வெள்ளி உப்பு ஏற்றிய மெழுகுத்தாள் அவருக்கு நெகட்டிவாகப் பயன்பட்டது.

வெள்ளை வானம்

அத்தாள் நீல ஒளியை விரைந்து ஏற்கும். பச்சை, சிவப்பு நிறங்களை ஏற்காது. எனவே நீலவானம் படத்தில் வெறும் வெள்ளையாகிவிடும். தொலைப்பொருளைப் போர்த்தும் காற்றின் நீல மங்கலும் மிகுந்து பதியும். செஞ்சிக் குன்றுகளைத் தொலைவில் நின்று நோக்குவோர் அந்நீலத்தை அறிவர். அத்தாளில் படமெடுத்தால் அக்குன்றுகள் கண் காண்பதினும் மங்கலாகவே தோன்றும். வெறுமையான வானத்தை நிரப்ப, டிரைப் நெகட்டிவின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். ஆவணமாக எடுக்கும் படத்தில் கைவேலை தகுமோ என்னும் வினா இங்கு எழுகின்றது.

கல்வெட்டும் நிழலும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை டிரைப் பகுதி பகுதியாக எடுத்தார். அவ்வாறு எடுத்த 21 படங்களை இணைத்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்லுக்கும் எழுத்துக்கும் நிறம் ஒன்றே. எழுத்தின் பள்ளத்தில் தங்கும் நிழலே அதனைப் படிக்க வைக்கிறது. ஒளி நேர்முகமாக விழுந்தால் எழுத்து மங்கும். சாய்ந்து விழுந்தால் துலங்கும். நம் தொண்டூர்க் குகைப்பாறையிலுள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகளை விளக்கொளி சாய்த்துக் காண்போர் இதனை எளிதில் உணர்வர்.

மேற்கண்ட வினாவுக்கு விடை இதுவே: தீட்டிய மேகம் அன்றைய வானத்தைப் பற்றி ஒன்றும் கூறாது, கல்லில் விழுந்த நிழலோ சிற்பி வெட்டியதை வெட்டியவாறே கூறும். முன்னது அழகு, பின்னது சான்று. இரண்டும் ஒரே தாளில் இருத்தலால், பிரித்தறியும் பொறுப்பு காண்போரைச் சாரும்.

முடிவுரை

ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில் (1859–60), இது வீண் ஆடம்பரச் செலவெனக் கருதப்பட்டு நிறுத்தப்பட்டது. படங்களோ இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. நம் ஊர்ப் பாறைகளும் கோட்டைச் சுவர்களும் நாள்தோறும் தேய்கின்றன. மாணவர்களே! கருவி எளிதாகிவிட்ட இந்நாளில், இளவெயிலின் சாய்ந்த ஒளியில் அவற்றைப் படமெடுத்து வைப்போம். ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல்!