ஒரே ஸ்டீல், இரண்டு எண்கள்

எஞ்சிய தகைவு எவ்வளவு என்று கேட்டு டியூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டு ஒன்று சோதனைக்கூடத்துக்கு வந்தால், எக்ஸ் கதிர் கருவியில் புதிதாக வேலை பழகுபவர் ஒரே எண்ணை எழுதிக் கொடுக்கப் பார்ப்பார். கொடுக்காதீர்கள். அந்த ஸ்டீலில் ஏறக்குறைய பாதி ஃபெரைட், பாதி ஆஸ்டெனைட். சூடு ஆறும்போது ஆஸ்டெனைட் அதிகம் சுருங்கப் பார்க்கும். ஒட்டியிருக்கும் ஃபெரைட் விடாது. அதனால் ஆஸ்டெனைட்டில் இழுவிசையும் ஃபெரைட்டில் அமுக்கமும் தங்கிவிடுகின்றன.

ஃபெரைட்டில் −300, ஆஸ்டெனைட்டில் +100 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். பங்கு சரிபாதி என்றால் மொத்தத் தகைவு −100தான். ஃபெரைட்டை மட்டும் அளந்தவர், பாகத்தில் மூன்று மடங்கு அமுக்கம் இருப்பதாகச் சொல்லியிருப்பார். ஆஸ்டெனைட் இழுவிசையில் இருப்பதே தெரிந்திருக்காது. ஆகவே இரண்டு ஃபேஸ்களின் தகைவோடு அவற்றின் பங்கையும் அளந்து ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

குரோமியம் டியூப் போடுங்கள். செம்பு டியூப் இரும்பணுக்களையே எக்ஸ் கதிர் உமிழ வைத்துப் பின்னணியை ஏற்றிவிடும். ஃபெரைட்டுக்கு 211 தளம், கே-ஆல்ஃபா கதிர், சுமார் 156 பாகை. ஆஸ்டெனைட்டுக்குப் பெரும்பாலும் 311 தளம், கே-பீட்டா கதிர், சுமார் 149 பாகை. வனேடியம் ஃபில்டர் தடுப்பது இந்தக் கே-பீட்டாவைத்தான். கழற்றாமல் ஆஸ்டெனைட்டைத் தேடினால் சிகரம் கிடைக்காது.

துண்டைச் சாய்த்துச் சாய்த்து அணுத்தள இடைவெளியை அளந்து, சைன் வர்க்க வரைபடம் போடுவீர்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழாவிட்டால் கோட்டை வலிந்து இழுக்காதீர்கள். வளைந்து நெளிந்தால் படிகங்கள் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கலாம், அல்லது பருமனாக இருக்கலாம். இடச்சாய்வும் வலச்சாய்வும் இரண்டாகப் பிரிந்தால் சறுக்குத் தகைவைச் சந்தேகியுங்கள். மீள்தன்மை மாறிலியும் தளத்துக்குத் தளம் வேறு. ஃபெரைட்டின் எண்ணை ஆஸ்டெனைட்டுக்குப் போடக் கூடாது.

கதிர் சில மைக்ரான் ஆழமே போகும். உள்ளே பார்க்க எலக்ட்ரோ பாலிஷிங் செய்யுங்கள். கிரைண்டர் வைத்தால் புதுத் தகைவு ஏறும். நிலையற்ற ஆஸ்டெனைட் மார்ட்டென்சைட்டாகவே மாறிவிடும்.

வேலை தொடங்கும் முன் தகைவற்ற இரும்புத் தூளை வைத்து அளந்து பாருங்கள். முடிவு பூஜ்யத்திலிருந்து ±14 மெகாபாஸ்கலுக்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் முதலில் கருவியின் சீரமைப்பைச் சரிசெய்யுங்கள். வாடிக்கையாளரின் துண்டு அதுவரை காத்திருக்கட்டும்.